தாய்ச் சேர்மம் இல்லாத இரத்தம்: புரூக்ளின் 2016, ஏஎம்பி-ஃபுபினாகா

2016 ஜூலை 12, செவ்வாய்க்கிழமை. நியூயார்க் நகரின் புரூக்ளினில் ஒரே வட்டாரத்தில் 33 பேர் ஏறக்குறைய ஒரே சமயத்தில் நிலைகுலைந்தார்கள். நடைபாதையில் விழுந்து கிடந்தவர்கள் சிலர், எதையாவது பிடித்துக்கொண்டு தள்ளாடி நின்றவர்கள் சிலர். 18 பேரை மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோனார்கள். பார்த்தவர்கள் 'ஸோம்பி' என்றார்கள், பத்திரிகைகளும் அதையே தலைப்பாக்கின. சில மாதங்கள் கழித்து நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஆய்வறிக்கையின் தலைப்பிலும், மேற்கோள் குறிக்குள் என்றாலும், அந்தச் சொல் ஏறிவிட்டது.

நோயாளிகளைப் பற்றிப் பேசும்போது அது நல்ல சொல் இல்லைதான். ஆனால் மருந்தியல் கண்ணோடு பார்த்தால் அதற்குள் ஒரு தடயம் இருக்கிறது. செயற்கைக் கன்னாபினாய்டுகளை (மூளையில் கஞ்சா வேலை செய்யும் அதே இடத்தில் வேலை செய்யும், ஆய்வகத்தில் உருவான சேர்மங்களை) உட்கொண்டு அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களிடம் மருத்துவர்கள் எதிர்பார்ப்பது பெரும்பாலும் வேறு காட்சி: படபடப்பு, வாந்தி, கட்டுக்கடங்காத பதற்றம், சில சமயம் வலிப்பு, சில சமயம் மனப்பிறழ்வு. இங்கே அப்படியில்லை. அறிக்கை விரிவாகச் சொல்லும் நோயாளி 28 வயது ஆண். வெறித்த பார்வை, கேட்ட கேள்விக்குத் தாமதித்து வரும் பதில், அவ்வப்போது ஒரு முனகல். கைகால்கள் சாவி கொடுத்த பொம்மையைப் போல மெதுவாக அசைந்தன. தூண்டிவிடப்பட்ட மூளை இப்படி நடந்துகொள்ளாது. அழுத்தி வைக்கப்பட்ட மூளைதான் இப்படி இருக்கும். எந்த மூலக்கூறு அப்படி அழுத்தும், எவ்வளவு ஆழத்துக்கு அழுத்தும் என்பதே இந்த ஆய்வின் பொருள்.

பாக்கெட்டும் இரத்தமும்

மருத்துவமனைகளில் வழக்கமாகச் செய்யும் சிறுநீர்ச் சோதனை இந்த மாதிரிச் சமயங்களில் உதவாது. கஞ்சாவுக்கான அந்தச் சோதனை, கஞ்சாவின் போதைச் சேர்மமான டிஹெச்சி உடலில் மாறிக் கிடைக்கும் ஒரு குறிப்பிட்ட அமிலத்தை அடையாளம் காணும் எதிர்ப்பொருளை நம்பியிருக்கிறது. எதிர்ப்பொருள் வடிவத்தைப் பார்க்கும், விளைவைப் பார்க்காது. டிஹெச்சியோடு வடிவத்தில் ஒட்டும் உறவும் இல்லாத ஒரு மூலக்கூறு அதன் முன்னால் நின்றாலும் 'கஞ்சா இல்லை' என்றே விடை வரும். இதனால்தான் 'செயற்கைக் கஞ்சா' என்ற பேச்சு வழக்கு எனக்கு உறுத்துகிறது. கஞ்சாச் செடிக்கும் இந்தப் பொருளுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றே ஒன்று: மூளையில் இரண்டும் போய் அமரும் இடம்.

18 பேரில் 8 பேருடைய சீரம், முழு இரத்தம், சிறுநீர் மாதிரிகள் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ வளாக ஆய்வகத்துக்குப் போயின. கூடவே, சந்தேகத்துக்குள்ளான பொருளும் ஒன்று போனது: 'ஏகே-47 24 கேரட் கோல்ட்' என்ற பெயரில், மூலிகை நறுமணப் புகைப்பொருள் என்று சொல்லி விற்கப்பட்ட உலர்ந்த இலைத்தூள். திரவ நிறப்பிரிகையும் பறக்கும்-நேர நிறை நிறமாலைமானியும் சேர்ந்த கருவியில் எல்லாவற்றையும் ஓடவிட்டார்கள்.

இலைத்தூளில் கிடைத்தது ஏஎம்பி-ஃபுபினாகா. எம்எம்பி-ஃபுபினாகா, ஃபுப்-ஏஎம்பி என்ற பெயர்களும் இதையே குறிப்பவை. சராசரியாக ஒரு கிராமுக்கு 16.0 மில்லிகிராம், திட்ட விலக்கம் 3.9. சராசரியைவிட அந்த விலக்கத்தைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். விலக்கம் சராசரியின் கால் பங்கு. மருந்து மாத்திரையில் இப்படி ஒரு ஏற்ற இறக்கம் தெரிந்தால் அந்தத் தொகுதியே குப்பைக்குப் போகும். நானோகிராம் கணக்கில் வேலை செய்யும் பொருள் இலைத்தூளில் திட்டுத்திட்டாகப் படிந்திருந்தால், ஒரே பொருளைப் புகைத்த இரண்டு பேருக்கு ஒரே அளவு போய்ச் சேர்ந்திருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

நோயாளிகளின் இரத்தத்தில் கதை மாறுகிறது. எட்டுப் பேரிடமும் கிடைத்தது தாய்ச் சேர்மம், அதாவது புகைத்த அசல் மூலக்கூறு அல்ல, ஏஎம்பி-ஃபுபினாகாவின் உடைந்த வடிவம்: அதன் எஸ்டர் பிணைப்பு (அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து உண்டாகும் பிணைப்பு) அறுந்து மிஞ்சிய அமிலம், மில்லிலிட்டருக்கு 77 முதல் 636 நானோகிராம் வரை. பொருளைக் கையில் வைத்துப் பார்த்தால் எஸ்டர், ஆளின் உடலில் பார்த்தால் அமிலம். இந்த இடைவெளியை அடைப்பதுதான் வழக்கின் வேதியியல் பகுதி. அது தோன்றுவதைவிடச் சிக்கலானது.

நான்கு துண்டுகள்

மூலக்கூறைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 21 கார்பன், 22 ஹைட்ரஜன், 1 ஃப்ளூரின், 3 நைட்ரஜன், 3 ஆக்சிஜன்; மூலக்கூறு நிறை 383.4. இந்தக் குடும்பத்து மூலக்கூறுகளை வேதியியலாளர்கள் நான்கு பகுதிகளாகப் படிப்பது வழக்கம். நடுவில் தட்டையான ஒரு கரு, இங்கே அது இண்டசோல் வளையம். கருவின் ஒரு பக்கத்தில் வால், இங்கே ஃப்ளூரின் ஒட்டிய பென்சைல் தொகுதி. மறுபக்கம் ஓர் அமைடு இணைப்பு (எஸ்டரைப் போன்றது, ஆனால் ஓர் ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் நைட்ரஜன்). அந்த இணைப்பின் முனையில் தலைப்பகுதி; வேலின் என்ற அமினோ அமிலத்தின் மெத்தில் எஸ்டர் அது. நம் உடலின் புரதங்களில் எங்கும் காணப்படும் அதே வேலின்தான்.

பெயரும் இந்தத் துண்டுகளின் சுருக்கமே. 'ஃபுப்' என்பது ஃப்ளூரோபென்சைல், 'இனாகா' என்பது இண்டசோல் கார்பாக்சமைடு. தலைப்பகுதி மாறினால் பெயரின் முன்னொட்டு மாறும். தலையில் எஸ்டருக்குப் பதில் அமைடு இருந்தால் அது ஏபி-ஃபுபினாகா. வேலினுக்குப் பதில் ஒரு மெத்தில் கூடுதலாக உள்ள டெர்ட்-லூசின் இருந்தால் எம்டிஎம்பி-ஃபுபினாகா. மூன்றும் உடன்பிறப்புகள். இந்த இண்டசோல் குடும்பத்தின் வேர் தெருவில் இல்லை. 2009-ஆம் ஆண்டு ஃபைசர் நிறுவனத்தின் காப்புரிமை ஆவணங்களில் இருக்கிறது. மருந்தாகலாம் என்று பார்க்கப்பட்டு, மனிதர்களிடம் சோதிக்கும் கட்டத்துக்குப் போகாமலே கைவிடப்பட்டவை. 2012-இல் ஜப்பானில் விற்கப்பட்ட பொருட்களில் ஏபி-ஃபுபினாகா கண்டறியப்பட்டது. இரண்டாண்டுகள் கழித்து எஸ்டர் தம்பியும் எம்டிஎம்பி அண்ணனும் வந்து சேர்ந்தார்கள்.

கருவிக்கு இந்த உடன்பிறப்புகள் எப்படித் தெரிவார்கள்? ஒரு புரோட்டான் ஏறிய ஏஎம்பி-ஃபுபினாகா நிறை அளவுகோலில் 384.1718 என்ற இடத்தில் தெரியும். அதை உடைத்தால் இரண்டு துண்டுகள் பளிச்சென்று வரும்: 253.0772, 109.0448. முன்னது வாலும் கருவும் சேர்ந்தது, பின்னது வால் மட்டும். சிக்கல் என்னவென்றால், இதே 253, இதே 109 மற்ற இரு உடன்பிறப்புகளிடமும் உண்டு. வாலும் கருவும் பொது, தலை மட்டும்தானே வேறு. துண்டுகளைப் பார்த்துக் குடும்பப் பெயரைச் சொல்லிவிடலாம். ஆளைச் சொல்ல முழு நிறை வேண்டும். ஃப்ளூரின் வளையத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை இந்த எண்கள் சொல்லவே சொல்லா. அதற்கு அமைப்பு ஏற்கெனவே தெரிந்த தூய மாதிரியை வைத்து ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

இனி அமிலத்துக்கு வருவோம். 370.1561 அதன் இடம். ஏஎம்பி-ஃபுபினாகாவின் எஸ்டர் அறுந்தால் இந்த அமிலம் வரும். ஏபி-ஃபுபினாகாவின் முனை அமைடு அறுந்தாலும் அட்சரம் பிசகாமல் இதே அமிலம்தான் வரும். இருவருக்கும் தலையில் இருப்பது வேலின். முனையில் இருந்ததை வெட்டி எறிந்துவிட்டால் வித்தியாசம் எங்கே நிற்கும்? ஆக, இரத்தத்தில் இந்த அமிலம் மட்டும் கிடைத்தால், 'தாய் யார்' என்ற கேள்விக்கு இரத்தம் பதில் சொல்லாது.

இதற்குள் இன்னொரு பொறியும் உண்டு. புரோட்டான் ஏறிய ஏபி-ஃபுபினாகாவின் இடம் 369.1721. அதில் ஒரு கார்பன் கனமான ஐசோடோப்பாக இருக்கும் மூலக்கூறுகள் 370.1755-இல் விழும். அமிலத்துக்கும் அதற்கும் இடைவெளி 0.02-க்கும் குறைவு. முழு எண்ணில் மட்டும் படிக்கும் எளிய கருவிக்கு இரண்டும் ஒரே 370. நான்கு தசமம் படிக்கும் கருவி இருந்ததால் இந்தப் பொறியைத் தாண்ட முடிந்தது. ஆனால் முதல் கேள்வியைக் கருவியால் மட்டும் தீர்க்க முடியாது. அங்கேதான் பாக்கெட் வேலை செய்தது. பாக்கெட்டில் இருந்தது எஸ்டர், எட்டுப் பேரிடமும் இருந்தது அந்த எஸ்டரின் அமிலம். இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் வாக்கியம் முழுமை பெறுகிறது. நச்சியல் அறிக்கைகளில் தெருப்பொருளின் மாதிரியைப் பலர் துணைச் சான்றாகவே மதிக்கிறார்கள். இந்த வழக்கில் அதுவே முதன்மைச் சான்று என்பேன்.

எஸ்டர் என்ற பலவீனம்

அமைடும் எஸ்டரும் காகிதத்தில் ஓர் அணு வித்தியாசம். உடலில் அது மணிக்கணக்கு வித்தியாசம். கல்லீரலில் கார்பாக்சில்எஸ்டரேஸ்-1 என்ற நொதி ஏராளமாக இருக்கிறது. எஸ்டரைக் கண்டால் அறுப்பதுதான் அதன் தொழில். ஏஎம்பி-ஃபுபினாகாவின் மெத்தில் எஸ்டர் அதற்குச் சுலபமான இரை. வெட்டும்போது மூலக்கூறுக்கு ஒன்று என்ற கணக்கில் மெத்தனாலும் கழியும். 'மெத்தனால் நஞ்சு' என்று யாரும் பயப்பட வேண்டாம், அந்த அளவு சொற்பத்திலும் சொற்பம். அமைடையும் இந்த நொதி அறுக்கும், ஆனால் நிதானமாக. அதனால்தான் ஏபி-ஃபுபினாகா உட்கொண்டவர்களின் இரத்தத்தில் தாய்ச் சேர்மமும் பொதுவாகத் தென்படும். ஏஎம்பி-ஃபுபினாகாவின் தாயைத் தேடினால் பெரும்பாலும் அமிலமே மிஞ்சியிருக்கும்.

இவ்வளவு சீக்கிரம் உடைகிற பொருள் எப்படி 33 பேரைச் சாய்த்தது? பாதையைப் பாருங்கள். விழுங்கிய பொருள் குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குப் போகும். புகை அப்படிப் போவதில்லை. நுரையீரலில் இரத்தத்தில் கலந்து, இதயத்தின் இடப்பக்கம் வந்து, அங்கிருந்து நேரே மூளைக்கும் ஒரு பங்கு போய்விடுகிறது. கல்லீரல் தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். கொழுப்பில் நன்றாகக் கரையும் இந்த எஸ்டருக்கு மூளையின் தடுப்பரணைத் தாண்டுவது பெரிய காரியமில்லை. கத்தரிக்கோல் கையில் எடுக்கப்படும்போது முதல் அலை மூளைக்குள் இருக்கும்.

அமிலத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. உடலின் கார அமில நிலையில் அது எதிர்மின்சுமை ஏந்தி நிற்கும். அது பொருந்த வேண்டிய ஏற்பியின் (மூளைச் செல்லில் இந்தச் சேர்மம் போய் அமரும் புரதத்தின்) குழியோ எண்ணெய்ப் பசையான இடம். சுமை ஏந்தியவருக்கு அங்கே வரவேற்பு குறைவு. ஆய்வகச் சோதனைகளிலும் அமிலத்தின் வீரியம் தாயைவிட வெகுவாகக் குறைந்தே காணப்பட்டது.

ஆகவே 77 முதல் 636 வரை என்ற எண்களை எப்படிப் படிக்க வேண்டும் என்பதில் கவனம் தேவை. 636 நானோகிராம் அமிலத்தை மூலக்கூறு எண்ணிக்கையாக மாற்றினால் ஏறத்தாழ 1,700 நானோமோலார். 77 என்பது சுமார் 210. தாய்ச் சேர்மம் ஏற்பியில் வேலை செய்யும் செறிவுகளைவிட இவை மிக மிக அதிகம். ஆனால் இவை அந்த நேரத்தில் மூளையில் இருந்த மருந்தின் அளவு அல்ல. எவ்வளவு பட்டாசு வெடித்தது என்பதைத் தரையில் கிடக்கும் காகிதத்தை வைத்துச் சொல்வது போன்றது இது. 636 உள்ளவர் 77 உள்ளவரைவிட எட்டு மடங்கு மயங்கியிருந்தார் என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். எப்போது இரத்தம் எடுத்தார்கள் என்பதிலேயே பாதி வித்தியாசம் போய்விடும்.

85 மடங்கு என்றால் என்ன?

இந்த வழக்கிலிருந்து செய்தித்தாள்கள் எடுத்துக்கொண்ட எண் 85. டிஹெச்சியைப் போல 85 மடங்கு வீரியம், ஜேடபிள்யூஎச்-018 என்ற பழைய செயற்கைக் கன்னாபினாய்டைப் போல 50 மடங்கு. அறிக்கையிலும் அந்த எண்கள் உள்ளன, தவறில்லை. ஆனால் படித்தவர்கள் '85 மடங்கு போதை' என்று புரிந்துகொண்டார்கள். அது தவறு.

முதலில் அளவுகோலைக் கவனியுங்கள். 85-ஐ 50-ஆல் வகுத்தால் 1.7. அதாவது இந்தக் கணக்கின்படி ஜேடபிள்யூஎச்-018 டிஹெச்சியைவிட 1.7 மடங்குதான் வீரியமானது. ஆனால் ஏற்பியில் ஒட்டிக்கொள்ளும் பிடிப்பை மட்டும் அளந்த பழைய ஆய்வுகளில் டிஹெச்சிக்கு ஏறத்தாழ 40 நானோமோலார், ஜேடபிள்யூஎச்-018-க்கு 9 (எண் சிறிதானால் பிடிப்பு வலிது). அங்கே வித்தியாசம் நாலரை மடங்கு. இரண்டும் பொய்யல்ல. ஒன்று பிடிப்பை அளக்கிறது, மற்றது பிடித்த பிறகு செல்லுக்குள் நடப்பதை அளக்கிறது. எதை அளந்தோம் என்று சொல்லாமல் 'மடங்கு' பேசுவது வெறும் இரைச்சல்.

அடுத்தது, வீரியம் வேறு, வினைத்திறன் வேறு. வீரியம் என்பது எவ்வளவு குறைந்த அளவில் வேலை தொடங்குகிறது என்ற கணக்கு. வினைத்திறன் என்பது எவ்வளவு கொட்டினாலும் வேலை எந்த உயரம் வரை போகும் என்ற கணக்கு. விளக்கின் சுவிட்ச் எளிதாக அழுந்துவது ஒன்று, பல்பு எத்தனை வாட் என்பது இன்னொன்று. டிஹெச்சி நம் மூளையின் சிபி1 ஏற்பியில் பகுதித் தூண்டி. எல்லா ஏற்பிகளையும் அது நிரப்பினாலும் விளைவு ஓர் எல்லையில் தட்டி நின்றுவிடும். ஏஎம்பி-ஃபுபினாகா முழுத் தூண்டி; அந்தத் தடுப்பு அதற்கு இல்லை. 85 என்ற எண் சுவிட்சைப் பற்றியது. நடைபாதையில் கிடந்தவர்களை விளக்குவதில் பெரும்பங்கு பல்பின் வாட்டுக்குத்தான்.

நியூசிலாந்து ஆய்வாளர்கள் 2019-இல் இதைச் செல்களில் அளந்து பார்த்தார்கள். ஒப்பீட்டுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பழைய முழுத் தூண்டியின் பெயர் சிபி 55,940. (ஏற்பியின் பெயரும் சிபி, இதுவும் சிபி. மூல மொழியில் எழுத்து வேறு, தமிழில் எழுதினால் ஒன்றாகிவிடுகிறது, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) முழுத் தூண்டி என்று பல பத்தாண்டுகளாக அளவுகோலாக இருந்த அந்தச் சேர்மத்தையே ஏஎம்பி-ஃபுபினாகா பெரும்பாலான சமிக்ஞைப் பாதைகளில் மிஞ்சியது. கூரை என்று நினைத்திருந்ததற்கு மேல் ஒரு மாடி இருந்திருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிராம் இலைத்தூளில் 16 மில்லிகிராம். 85-ஆல் பெருக்கினால் 1,360 மில்லிகிராம் டிஹெச்சி. ஒரு கிராம் பொருளில் 1.36 கிராம் டிஹெச்சி! சுத்தமான டிஹெச்சியையே ஒரு கிராம் எடுத்து வைத்தாலும் ஈடாகாது. செல் சோதனையின் மடங்கைப் புகையின் அளவுக்கு இப்படி நேராக மாற்றக்கூடாது என்பது எனக்கும் தெரியும். எரியும்போது ஒரு பங்கு அழியும், உடலில் ஒரு பங்கு உடையும். எல்லாவற்றையும் தள்ளுபடி செய்து பத்தில் ஒரு பங்கை மட்டும் கணக்கில் எடுத்தாலும், மிஞ்சுவது வீரியமான கஞ்சாவுக்கு நிகர். அதுவும் எல்லை இல்லாத தூண்டலோடு.

ஏற்பி இருக்கும் இடங்கள்

சிபி1 ஏற்பி 472 அமினோ அமிலங்களால் ஆன புரதம். நரம்புச் செல்லின் சவ்வில் ஏழு முறை நுழைந்து வெளிவரும் இழை. மூளையில் இப்படி ஒரு ஒட்டுமிடம் உண்டு என்று 1988-இல் தெரியவந்தது, 1990-இல் அதன் மரபணு கிடைத்தது. அதற்கான உடலின் சொந்தச் சரக்கு 1992-இல் கண்டுபிடிக்கப்பட்டபோது 'ஆனந்த' என்ற வடமொழிச் சொல்லிலிருந்து ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். புரூக்ளின் கதையைப் படித்த பிறகு அந்தப் பெயர் கொஞ்சம் நெருடுகிறது.

இந்த ஏற்பி பெரும்பாலும் நரம்பு முனையில், சமிக்ஞையை அனுப்பும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அது தூண்டப்பட்டால் ஜிஐ வகைப் புரதம் (ஏற்பியின் செய்தியைச் செல்லுக்குள் கடத்துவது) கிளம்பி, செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறின் (பெயர் ஒத்திருந்தாலும் நம் ஏஎம்பி-ஃபுபினாகாவோடு உறவில்லை) உற்பத்தியைக் குறைக்கும், கால்சியம் வாயில்களை இறுக்கும், பொட்டாசியம் வாயில்களைத் திறக்கும். மூன்றும் ஒரே பலனில் முடிகின்றன: அந்த நரம்பு முனை தன் சரக்கை வெளியே விடாது. உடலின் சொந்த ஆனந்தமைடு தேவையான இடத்தில், தேவையான நொடியில் மட்டும் சுரந்து மறையும். தெரு முனையில் நிற்கும் போக்குவரத்துக் காவலர் அது. புகையில் வரும் முழுத் தூண்டியோ ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் சிவப்பு விளக்கைப் போட்டுவிடுகிறது.

எந்த ஊர் என்பதுதான் முக்கியம். 1990-இல் வெளியான ஏற்பி வரைபடம் சிபி1 மிக அடர்த்தியாக இருக்கும் இடங்களைக் காட்டியது: அடித்தள நரம்பு முடிச்சுகள், சிறுமூளை, ஹிப்போகாம்பஸ், பெருமூளைப் புறணி. அடித்தள முடிச்சுகள் அசைவைத் தொடங்குவதும் நிறுத்துவதும், சிறுமூளை அசைவைச் செப்பனிடுவது, ஹிப்போகாம்பஸ் நினைவு. அந்த 28 வயது இளைஞரிடம் திரும்பிப் போங்கள். சாவி கொடுத்த பொம்மையின் அசைவு, தாமதித்த பதில், வெறித்த பார்வை. வரைபடத்தை அப்படியே படித்துக் காட்டுகிறது அவர் உடல். எலிகளுக்குக் கன்னாபினாய்டு கொடுத்து நடத்தும் வழக்கமான நான்கு அம்சச் சோதனையில் ஓர் அம்சம், வைத்த நிலையிலேயே உறைந்து நிற்பது. எலியைக் கம்பி மேல் நிறுத்தி எத்தனை நொடி அசையாமல் இருக்கிறது என்று எண்ணுவார்கள்.

அதே வரைபடம் இன்னொன்றும் காட்டியது. மூச்சையும் இதயத்தையும் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் இந்த ஏற்பிகள் குறைவு. கஞ்சாவால் ஆள் மூச்சு நின்று சாவதில்லை என்பதற்கு அதுவே காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. டிஹெச்சிக்கு அந்த விளக்கம் பொருந்தும். ஆனால் 'குறைவு' என்பது 'இல்லை' என்பதாகாது. பகுதித் தூண்டிக்கு அந்தச் சில ஏற்பிகள் பொருட்டில்லை. முழுத் தூண்டிக்குச் சிலவே போதுமாக இருக்கலாம். புரூக்ளினில் அன்று நிலைகுலைந்தவர்கள் தப்பித்தார்கள். அதே மூலக்கூறு 2017-லிருந்து நியூசிலாந்தில் பரவியபோது பல மரணங்களோடு சேர்த்துப் பேசப்பட்டது. 2019-இல் அந்நாடு அதை மிகக் கடுமையான 'ஏ' வகுப்பில் வைத்தது.

சிகிச்சையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மாற்று மருந்து கிடையாது. ஓபியம் வகை மயக்கத்தைக் கலைக்கும் நலாக்சோன் வேறு ஏற்பியின் சாவி, இங்கே திரும்பாது. மூச்சுப் பாதையைக் காப்பது, வலிப்போ பதற்றமோ வந்தால் பென்சோடயசெபைன் என்ற அமைதிப்படுத்தும் மருந்து கொடுப்பது, தெளியும் வரை கண்காணிப்பது. சிபி1-ஐ அடைக்கும் ரிமோனபன்ட் என்ற மருந்து ஒரு காலத்தில் உடல் எடைக் குறைப்புக்காக ஐரோப்பாவில் விற்பனையில் இருந்தது. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் தூண்டியதால் 2008-இல் நிறுத்தப்பட்டது.

சட்டம் மெதுவாகவே வந்தது. அமெரிக்க மத்திய அரசு ஏஎம்பி-ஃபுபினாகாவைப் பெயர் சொல்லித் தற்காலிகமாக முதல் பட்டியலில் சேர்த்தது 2017 நவம்பரில், புரூக்ளின் நிகழ்வுக்குப் பதினாறு மாதங்கள் கழித்து. ஐக்கிய நாடுகள் 1971 உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் அது ஏறியது 2019-இல்.

குழிக்குள்

முழுத் தூண்டல் எப்படி நடக்கிறது என்பதற்கு 2016 ஜூலையில் படமே இல்லை. சிபி1-இன் முதல் படிக அமைப்புகள் அந்த ஆண்டின் இறுதியில்தான் வெளிவந்தன, அவையும் தடுப்பிகள் அமர்ந்த, உறங்கும் நிலையில். அடுத்த ஆண்டு தூண்டி அமர்ந்த அமைப்பு வந்தபோது, உறங்கும் நிலையைவிடக் குழியின் கொள்ளளவு 53 விழுக்காடு சுருங்கியிருந்தது. ஏற்பி தன் விருந்தாளியைச் சுற்றி உள்ளங்கையை மூடுவதுபோல மூடிக்கொள்கிறது.

2019 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த குழு, ஏற்பியும் ஜிஐ புரதமும் கைகோத்து நிற்கும் நிலையை உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் பிடித்தது. அப்படி ஒரு கூட்டை அசையாமல் நிறுத்தி வைக்க மிக வலிமையான தூண்டி வேண்டும். அவர்கள் தேர்ந்தெடுத்தது எந்த மருந்து நிறுவனத்தின் தற்போதைய சரக்கையும் அல்ல, எம்டிஎம்பி-ஃபுபினாகாவை. நம் மூலக்கூறைவிட ஒரே ஒரு மெத்தில் கூடுதலான அண்ணன், 2014-இல் ரஷ்யாவில் நூற்றுக்கணக்கானவர்களை மருத்துவமனைக்கு அனுப்பியவன்.

படத்தில் அது வளைந்த வடிவில் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. தட்டையான, வளைந்துகொடுக்காத இண்டசோல் கரு, 200-ஆம் இடத்து ஃபீனைல்அலனினை ஒட்டி நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் 356-ஆம் இடத்து டிரிப்டோஃபேன். உறங்கும் ஏற்பியில் இந்த இரண்டும் ஒன்றையொன்று அழுத்திப் பூட்டிக் கிடப்பவை. தூண்டப்படும்போது இரண்டும் புரண்டு விலகினால்தான் ஆறாவது இழை வெளிப்பக்கம் சாய்ந்து ஜிஐ புரதத்துக்கு இடம் விடும். டிஹெச்சியின் வால் நெகிழ்வான கார்பன் சங்கிலி. அந்த இரட்டைப் பூட்டின் அருகே அது ஆடிக்கொண்டிருக்கும், பூட்டு மறுபடி விழ இடம் கொடுக்கும். விறைத்த கரு கொண்ட ஃபுபினாகாக்கள் ஃபீனைல்அலனினைத் திரும்ப விடுவதில்லை. புகைத்தவர் எழுந்து நடக்க வேண்டுமானால் கல்லீரலின் நொதி வந்து எஸ்டரை அறுத்து, அமிலத்தை இரத்தத்தில் விட வேண்டும்.